இரண்டாவது மாத்திரை அட்டை

வெள்ளைப்படுதலைப் பற்றி ஊர் ஊராகப் போய்ப் பேசிச் சம்பளம் வாங்குகிற பிழைப்பு என்னுடையது. கல்யாண வீட்டுப் பந்தியில் பக்கத்து இலைக்காரர் "எங்கம்மா வேலை?" என்று கேட்டால் "லேப்புல" என்று ஒரே வார்த்தையில் முடித்துக்கொண்டு அப்பளத்தை நொறுக்க ஆரம்பித்துவிடுவேன். செய்கிற வேலையை வெளியே சொல்ல முடியாமல் உள்ளுக்குள்ளேயே புழுங்கிக்கொண்டிருக்கும் சக ஜீவன்களே, இது உங்களுக்காகத்தான்.

எனக்குச் சொந்த ஊர் தியாகதுருகம். லேப் டெக்னீஷியன் படிப்பு. மூன்று வருடமாக ஓர் ஆராய்ச்சித் திட்டத்தில் ஒப்பந்த வேலை. கள்ளக்குறிச்சியில் ஒரு சின்ன லேப், கல்வராயன் மலையில் மாதம் இரண்டு முறை முகாம். நாங்கள் தேடுவது ட்ரைக்கோமோனாஸ் என்று ஓர் ஒட்டுண்ணி. ஒரே ஒரு செல்தான்; நுண்ணோக்கியில் பார்த்தால் பேரிக்காய் மாதிரி இருக்கும், தலையில் சாட்டை மாதிரி நாலைந்து இழைகளோடு துடித்துத் துடித்து ஓடும். எங்கள் ஊர்க்காரர்களுக்கு அது "பூச்சி". படுக்கையில் ஒருவரிடமிருந்து ஒருவருக்குப் பரவும். பெண்களுக்கு அரிப்பு, எரிச்சல், நாற்றம், வெள்ளை எல்லாம் கொடுக்கும். கர்ப்பிணிக்கு இருந்தால் குழந்தை மாதம் நிறையாமலே பிறந்துவிடும் ஆபத்து கூடும். ஆண்களிடம் பெரும்பாலும் சத்தமில்லாமல் குடியிருக்கும்.

ஒரு பெண்ணிடம் ஆடித் தீர்க்கும் அதே பூச்சி இன்னொரு பெண்ணிடம் ஏன் அடங்கிக் கிடக்கிறது? அதன் மரபணுவிலேயே 'இது முரடு, இது சாது' என்று காட்டுகிற அடையாளம் ஏதாவது இருக்கிறதா? இதுதான் எங்கள் திட்டத்தின் கேள்வி. சென்னையிலிருக்கும் புராஜெக்ட் சார் அந்த அடையாளத்துக்கு 'வீரியக் குறி' என்று பெயர் வைத்திருக்கிறார். நல்ல கேள்விதான், நான் குறை சொல்லவில்லை. எனக்கு வயிறு எரிந்த இடங்கள் வேறு.

இடுப்பில் ஒரு பை

எங்கள் பூச்சிக்குக் குளிர் ஆகாது. உடம்புச் சூட்டிலேயே இருந்தால்தான் உயிரோடு இருக்கும். உயிரோடு இருந்தால்தான் ஓடும், ஓடினால்தான் கண்ணுக்குத் தெரியும், பெருகினால்தான் மரபணு எடுக்க முடியும். வெள்ளிமலையிலிருந்து வளைந்து வளைந்து கள்ளக்குறிச்சிக்கு இறங்குகிற பஸ்ஸில் சூட்டுப் பெட்டிக்கு எங்கே போவது? கையில் தூக்கிப் போகிற சின்னப் பெட்டி ஒன்று கேட்டு எழுதிப் போட்டேன். மூன்று வருடமாகப் 'பரிசீலனையில்' இருக்கிறது. பரிசீலனையில் வைத்தால் பூச்சி பிழைக்காது என்பதால் நானே துணியில் ஒரு பை தைத்து, அறை அறையாகப் பிரித்து, மூடி இறுக்கிய குழாய்களை உறை போட்டு அதில் அடுக்கி, புடவைக்குள் இடுப்போடு கட்டிக்கொண்டு வருகிறேன். என் உடம்புதான் புராஜெக்ட்டின் இன்குபேட்டர்.

ஒரு மழை நாளில் அப்படி வயிற்றை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு பஸ்ஸில் நின்றேன். புளி மூட்டையோடு உட்கார்ந்திருந்த ஒரு அம்மா எழுந்து இடம் கொடுத்து, எத்தனை மாசம் என்று கேட்டார். பொய் சொல்ல மனசு வரவில்லை. மாசமும் இல்லை, ஒன்றும் இல்லை, டெஸ்ட்டுக்கு எடுத்த குழாய் இருக்கிறது, சூடு ஆறாமல் கொண்டுபோக வேண்டும் என்றேன். அந்த அம்மா என்னை மேலும் கீழும் பார்த்தார். விட்டுக்கொடுத்த இடத்தில் மறுபடி தானே உட்கார்ந்துகொண்டு சொன்னார்: "அப்ப கோழி மாரி அடை காத்துக்கினு போறன்னு சொல்லு!"

அரிப்புக்கு எத்தனை மார்க்

பூச்சி முரடா சாதுவா என்று எப்படி முடிவு செய்வது? பெண்ணைக் கேட்டுத்தான். எங்கள் ஆறு பக்கப் படிவத்தில் அரிப்பு, எரிச்சல், வலி, நாற்றம் என்று ஒவ்வொன்றுக்கும் பூஜ்யத்திலிருந்து நாலு வரை மார்க் போட வேண்டும். மார்க் கூடினால் முரட்டுப் பூச்சி, குறைந்தால் சாது. அப்புறம் இரண்டின் மரபணுவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிடுவார்கள்.

மரவள்ளிக் காட்டில் களை எடுத்துவிட்டு நேரே முகாமுக்கு வந்த ஒரு அக்காவிடம் இந்த மார்க் கேட்டேன். அவருடைய சாம்பிளில் பூச்சி திருவிழாக் கூட்டம். பரிசோதித்த டாக்டரம்மா, உள்ளே இவ்வளவு புண்ணை வைத்துக்கொண்டு எப்படி நடந்து வந்தாள் என்று என்னிடம் தனியாகக் கேட்டார். அந்த அக்காவோ எல்லாவற்றுக்கும் "இல்லீங்க, இல்லீங்க" என்றார். சொன்னதைச் சொன்னபடிதான் எழுத வேண்டும் என்பது விதி. நாலு பூஜ்யம் போட்டேன். அவர் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்த பொறுமையெல்லாம் சென்னையில் பூச்சியின் நல்ல குணமாக வரவு வைக்கப்படும். மனசு கேட்காமல், எரிச்சல் கொஞ்சம் கூடவா தெரியவில்லை என்று மறுபடி கேட்டேன். அவர் சிரித்தார்: "விடிஞ்சதுலேர்ந்து குனிஞ்சினே இருக்கறவளுக்கு முதுகுதாங்க தெரியும், மத்ததெல்லாம் எங்க தெரியுது?"

ஐஸ் பெட்டி

எனக்கு ஒரு வாரம் காய்ச்சல். முகாமை நிறுத்த முடியாது என்று மலையிலிருக்கும் ஒரு கிராம நர்ஸம்மாவிடம் ஒப்படைத்தார்கள். தங்கமான மனுஷி. தடுப்பூசிப் பெட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டு ஏறாத மேடு கிடையாது. எடுத்த எட்டுச் சாம்பிளையும் பத்திரமாக, அருமையாக, தடுப்பூசிப் பெட்டியில் ஐஸ் கட்டிகளுக்கு நடுவே வைத்து அனுப்பிவிட்டார். லேபுக்கு வந்தபோது எட்டுக் குழாயும் பனிக்கட்டி. ஒரு பூச்சியும் அசையவில்லை. என் இடத்தில் உட்கார்ந்திருந்தவர் எட்டுக்கும் 'இல்லை' என்று எழுதி அனுப்பிவிட்டார். எட்டுப் பெண்களும் நிம்மதியாக வீட்டுக்குப் போனார்கள்.

அந்த எட்டில் ஒருத்திதான் பூங்கொடி. இருபத்து மூன்று வயது, மூன்றாம் மாதம். இதற்கு முன்பு ஏழாம் மாதத்திலேயே பிறந்த அவளுடைய முதல் குழந்தை ஐந்து நாள்தான் இருந்தது. அதனால்தான் ஓர் அரிப்புக்கே பயந்துபோய், யாரும் கூப்பிடாமல், மேட்டிலிருந்து தானாக நடந்து வந்து சாம்பிள் கொடுத்தவள். நான் திரும்பி வந்து விஷயம் தெரிந்து எட்டுப் பேரையும் மறுபடி தேடிப் பிடித்து எடுத்தபோது அவளுக்கு மாதம் நாலு. சாம்பிளில் பூச்சி நீந்திக்கொண்டிருந்தது. ஒரு மாதம் வீண். நான் நர்ஸம்மாவிடம் போய் எகிறினேன். அவர் நாங்கள் கொடுத்திருந்த செயல்முறைத் தாளை எடுத்து என் முன்னால் போட்டார். முழுக்க இங்கிலீஷ், தமிழில் ஒரு வரி இல்லை. அவர் கண் கலங்கிச் சொன்னார்: "இன்னா மேடம், சர்வீசுல சேர்ந்த நாள்லேர்ந்து ஐஸ்ல வை, ஐஸ்ல வைன்னுதானே சொல்லிக் குடுத்தீங்க, இது ஒண்ணுக்கு மட்டும் ஐஸ் ஆவாதுன்னு யாராச்சும் ஒரு வார்த்தை சொன்னீங்களா?"

ஏ ஒன் உடம்பு

இந்த நோய்க்கு மாத்திரை இருக்கிறது. நல்ல மாத்திரை, சுலபமான மாத்திரை. ஆனால் புருஷன் பெண்டாட்டி இரண்டு பேரும் சாப்பிட வேண்டும். ஒருவர் மட்டும் சாப்பிட்டால் குணமானவருக்கு மற்றவரிடமிருந்து திரும்ப வந்து சேரும். அதனால் டாக்டரம்மா எப்போதும் இரண்டு அட்டையாகத்தான் கொடுப்பார். முதல் அட்டை அவளுக்கு, இரண்டாவது அவனுக்கு. என் மூன்று வருடக் கோபமும் அந்த இரண்டாவது அட்டையில்தான் இருக்கிறது.

மலைக்காரர்களுக்கு விவரம் பத்தாது என்று யாராவது ஆரம்பிப்பதற்கு முன்னால் கள்ளக்குறிச்சி டவுனில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். இஸ்திரி மடிப்புக் கலையாத சட்டை, காலரில் சென்ட் வாசனை, கையில் கார் சாவியோடு ஒருவர் வந்தார். மனைவிக்குக் கொடுத்த இரண்டாவது அட்டையை என் மேஜையில் வீசினார். தான் வருஷா வருஷம் முழு உடம்புப் பரிசோதனை செய்துகொள்பவராம், சர்க்கரை இல்லையாம், கொழுப்பு இல்லையாம், உடம்பு ஏ ஒன்னாம். ஆண்களுக்கு வெளியே தெரியாமலே இருக்கும் சார் என்று பொறுமையாகச் சொன்னேன். அந்தப் பொறுமையை நினைத்தால் இப்போதும் என் மேலேயே எனக்குக் கோபம் வருகிறது. மனைவி வாசலிலேயே, செருப்பைக் கூடக் கழற்றாமல் நின்றுகொண்டிருந்தார். அந்த ஏ ஒன் சார் கதவு வரைக்கும் போய்த் திரும்பி ஒரு யோசனை சொன்னார்: "வேணும்னா அவளுக்கே டபுள் டோஸா குடுத்துடுங்க மேடம், நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்."

வீணாகக் கூடாது

பூங்கொடிக்கும் இரண்டு அட்டை கொடுத்தோம். எப்படிச் சாப்பிட வேண்டும், எத்தனை நாள், அதுவரை சேரக் கூடாது என்று எல்லாம் சொன்னோம். நாலு வாரம் கழித்து மறுபடி சோதித்தால் மறுபடி பூச்சி. இன்னொரு முறை கொடுத்தோம், இன்னொரு முறை வந்தது. ஒவ்வொரு தடவையும் அவள் முகத்தைத்தான் முதலில் பார்க்க வேண்டியிருந்தது. விரல் விட்டு மாதத்தை எண்ணிக்கொண்டே உட்கார்ந்திருப்பாள். ஏழு அவளுக்குப் பிடிக்காத எண்.

மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிட்டாயா என்று கேட்டேன். சாப்பிட்டேன் என்றாள். உன் வீட்டுக்காரர்? தோண்டித் தோண்டிக் கேட்டதில் வெளியே வந்தது. அவள் புருஷன் ஏழுமலை லோடு வண்டி ஓட்டுகிறவன். மலையிலிருந்து கிழங்கு ஏற்றிக்கொண்டு கள்ளக்குறிச்சி வரும்போது ஏதோ ஒரு மருந்துக் கடையில் அட்டையைக் காட்டி இது எதற்கு என்று கேட்டிருக்கிறான். பேதிக்குக் கொடுக்கிற மாத்திரை என்று பதில் வந்திருக்கிறது. பொய் இல்லை, அதற்கும் கொடுப்பார்கள்தான். எனக்குப் பேதியே இல்லையே என்று அட்டையைக் கொண்டுவந்து பெண்டாட்டி மடியில் போட்டுவிட்டான். போதாக்குறைக்கு, அது சாப்பிடுகிற அன்றைக்குக் குடிக்கவும் கூடாதாமே. அப்போது அந்த மாத்திரையெல்லாம் எங்கே என்று கேட்டேன். பூங்கொடி ஏதோ நல்ல காரியம் செய்தவள் மாதிரி நிமிர்ந்து சொன்னாள்: "கவர்மென்ட்டு குடுத்தது வீணாப் பூடுமேன்னு ரெண்டு தபாவும் அவரோடதையும் நானே முழுங்கிட்டேங்க்கா."

லேசில் கிடைக்காத சாம்பிள்

இதைப் புராஜெக்ட் சாருக்குப் போனில் சொன்னேன்; பாதியைக் கேட்டுவிட்டு அடுத்த நாளே சென்னையிலிருந்து நேரில் வந்து இறங்கிவிட்டார். என் மேல் அக்கறை என்று நினைத்துவிடாதீர்கள். இரண்டு தடவை முழு மருந்து, அதுவும் இரண்டு மடங்கு, அப்படியும் சாகாத பூச்சி! சாருக்கு முகமெல்லாம் பல். மருந்துக்கு மசியாத ரகமாக இருக்கலாம், உடம்பில் ஒட்டிக்கொள்ள உதவும் மரபணு கூடுதலாக இருக்கலாம், பூச்சிக்குள்ளேயே ஒரு வைரஸ் குடியிருக்கலாம் என்று விரலை மடக்கிக்கொண்டே போனார். பூங்கொடிக்கு அவர் வைத்த பெயர் 'கே-பதினேழு'. கே-பதினேழு இப்படி, கே-பதினேழு அப்படி.

நான் குறுக்கே புகுந்தேன். சார், பூச்சி சாகாமல் இல்லை, செத்துச் செத்துத் திரும்ப வருகிறது, புருஷன் மாத்திரையே போடவில்லை, இவளுக்கு ஆறாம் மாதம் நடக்கிறது, முதல் குழந்தை ஏழில் போனது என்று மூச்சு விடாமல் சொன்னேன். என் குரல் உயர்ந்துவிட்டது என்று பிறகு லேபில் சொன்னார்கள். உயரட்டுமே. சார் தலையை ஆட்டி ஆட்டி எல்லாவற்றையும் கேட்டார். ஆறாம் மாதம் என்பதை மட்டும் நோட்டில் குறித்துக்கொண்டார். பேனாவை மூடிக்கொண்டே சொன்னார்: "ரொம்ப முக்கியமான கேஸுங்க இது, டெலிவரி வரைக்கும் மாசம் ஒரு சாம்பிள் மிஸ் பண்ணாம எடுத்துடுங்க."

பந்தயம்

அதற்கு மேல் என்னால் உட்கார முடியவில்லை. ஏழுமலையையும் சோதித்துப் பார்க்க டாக்டரம்மாவிடம் அனுமதி கேட்டேன். "புராஜெக்ட்டுக்கு வேணாம்னா போவட்டும், எனக்கு வேணும், போய்ட்டு வா" என்றார். பூங்கொடியிடம் உன் வீட்டுக்காரரிடம் நேராகப் பேசட்டுமா என்று கேட்டேன். "நான் சொன்னா அடிக்க வருவாரு, நீ சொன்னா கேப்பாரோ இன்னாவோ" என்றாள். நுண்ணோக்கியையும் கையால் சுற்றுகிற சுழற்றி இயந்திரத்தையும் தூக்கிக்கொண்டு மலையேறினேன். ஏழுமலை வீட்டு முன்னால் வண்டி கழுவிக்கொண்டிருந்தான். தனியாகக் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னேன். அவனோ தெருவுக்கே கேட்கும்படி, "எனக்கா? எனக்கு இருக்குதா? மூத்திரம்தானே வேணும், எடுத்துக்கினு போ! இல்லன்னு வந்தா நீ எங்க வூட்டுப் பக்கமே வரக் கூடாது, இன்னா சொல்ற?" என்று பந்தயம் கட்டினான். சரி என்றேன்.

மூத்திரக் குழாயை அங்கேயே இயந்திரத்தில் சுற்றி, அடியில் படிந்ததை அங்கேயே வெயில் வெளிச்சத்தில் பார்த்தேன். இப்போது ஒன்றும் தெரியவில்லை என்றேன். ஆண்களின் மூத்திரத்தில் பூச்சி சொற்பமாகத்தான் இருக்கும். குழாயில் மூன்று நாள் வளர்த்துப் பார்த்தால்தான் உறுதி. அதைச் சொல்ல நான் வாயைத் திறப்பதற்குள் அக்கம்பக்கத்து ஆண்கள் நாலு பேர் கூடிவிட்டார்கள். என்ன டெஸ்ட், எதற்கு டெஸ்ட் என்று யாரும் கேட்கவில்லை. அவன் சுத்தம் என்றால் சுத்தமில்லாதது யார் என்று எல்லாருக்கும் புரிந்துவிட்டது. பூங்கொடி வயிற்றைத் தாங்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். அவள் முதுகைப் பார்த்தபோது நான் இந்த வேலைக்கே வந்திருக்கக் கூடாது என்று தோன்றியது. குழாயை இடுப்பில் செருகிக்கொண்டு நடந்தேன். பின்னால் ஏழுமலையின் குரல்: "கேட்டுக்கினீங்களாப்பா, லேப்பு மேடமே பாத்து சொல்லிட்டாங்க, நம்ம உடம்பு சுத்தம்!"

கண்ணால் கண்டது

மூன்றாம் நாள் காலையில் குழாயிலிருந்து ஒரு சொட்டு எடுத்துப் பார்த்தேன். நாலு பேரிக்காய், ஜோராக ஓடிக்கொண்டிருந்தன. மற்றவர்கள் பதக்கம் வாங்கும்போது எப்படி இருக்குமோ எனக்கு அப்படி இருந்தது. உடனே அடுத்த பஸ்.

இந்தத் தடவை தெருவில் பேசவில்லை. கதவைச் சாத்தச் சொன்னேன். ஜன்னலோரம் நுண்ணோக்கியை வைத்து, ஏழுமலையின் குழாயில் அவன் பெயரையும் தேதியையும் அவனையே படிக்கச் சொல்லி, குனிந்து பார்க்க வைத்தேன். நெடுநேரம் பார்த்தான். நிமிர்ந்தபோது கூச்சல் எல்லாம் இறங்கியிருந்தது. இனி ஏதாவது நல்ல வார்த்தை வரும் என்று எதிர்பார்த்தேன் பாருங்கள், என் புத்தியை என்ன சொல்ல! "இது அவகிட்டேர்ந்துதானே எனக்கு வந்துச்சி?" என்று கேட்டான்.

எனக்கு உடம்பெல்லாம் தீப்பிடித்தது. "யாருகிட்டேர்ந்து யாருக்கு வந்துதுன்னு பூச்சி நெத்தியில எழுதிக்கினு வரல. ரெண்டு பேரும் முழுங்கினா ரெண்டு பேருக்கும் போவும். நீ முழுங்கலன்னா இந்தப் புள்ளையும் உனக்குத் தங்காது, அப்புறம் எவளைக் குத்தம் சொல்லுவ?" என்று கத்தினேன். லேப் டெக்னீஷியன் அப்படிப் பேசக் கூடாது. பேசினேன், இன்னொரு தடவை வந்தாலும் பேசுவேன். புள்ளை என்றதும் அவன் தலை குனிந்தது. அட்டையை வாங்கினான். அஞ்சு மாத்திரையையும் என் கண்ணெதிரில், ஒன்றன் பின் ஒன்றாக, தண்ணீரில் விழுங்கினான். பூங்கொடிக்கும் புதிதாக ஆரம்பித்தோம். அவனை நான் இன்னும் முறைத்துக்கொண்டிருப்பதைப் பார்த்து அவள் என் கையைப் பிடித்து வாசலுக்கு இழுத்து வந்தாள். "வுடுக்கா, வாயி என்னாத்தயோ பேசிக்கினு போவுது, தொண்டை முழுங்கிடுச்சி இல்ல, அது போதும்."

சேர்க்கையில் இல்லாதவர்

அதற்கப்புறம் பூங்கொடியின் சாம்பிளில் பூச்சி வரவில்லை. ஏழாம் மாதம் போனது. எட்டு போனது. ஒவ்வொரு வாரமும் நர்ஸம்மா போன் பண்ணி "இருக்குது, நல்லா இருக்குது" என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்துவிடுவார். மாதம் நிறைந்து பெண் குழந்தை பிறந்தது. அழுகிற அழுகையைப் போனிலேயே கேட்க வைத்தார். நான் லேபில் கையுறையோடு உட்கார்ந்துகொண்டு கண்ணைத் துடைக்க முடியாமல் தவித்தேன். குறைமாதப் பிரசவத்துக்கு ஆயிரம் காரணம் இருக்கும், இந்த ஒன்றுதான் என்று நான் சத்தியம் பண்ண மாட்டேன். ஆனால் தடுக்க முடிந்த ஒன்றைத் தடுத்தோம்.

சென்னையிலிருந்து மரபணு முடிவும் வந்தது. புருஷனுடைய பூச்சியும் பெண்டாட்டியுடைய பூச்சியும் ஒரே ரகம். சார் பட்டியல் போட்டுத் தேடிய முரட்டு அடையாளம் ஒன்று கூட அதில் இல்லை. குழாயில் போட்டுச் சோதித்தபோது மருந்து பட்டதும் செத்திருக்கிறது. சார் இனி என்ன சொல்வார் என்று ஆவலாகப் போன் பண்ணினேன். கணவர்கள் நம் ஆய்வின் சேர்க்கையிலேயே இல்லை, அவருடைய சாம்பிளை எடுத்துவிடுங்கள், கே-பதினேழு மட்டும் 'மருந்துக்குக் கட்டுப்படாதது' என்ற கட்டத்தில் அப்படியே இருக்கட்டும் என்றார். சார், கட்டுப்படாதது பூச்சி இல்லையே என்றேன். படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லையே என்றார். கடைசிப் பக்கத்துக் குறிப்புப் பகுதியில் சிவப்பு மையில் 'கணவர் மாத்திரை சாப்பிடவில்லை, சாப்பிட்டதும் இருவருக்கும் குணம்' என்று கொட்டை எழுத்தில் எழுதினேன். குறிப்புப் பகுதியைக் கம்ப்யூட்டரில் ஏற்றுவதில்லை என்று அப்புறம்தான் தெரிந்தது.

அடுத்த முகாமுக்குப் பூங்கொடி குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்தாள். முடிவை அவளுக்குச் சொல்ல வேண்டும் அல்லவா, அவளுடைய சாம்பிள். முரடு இல்லை, மருந்துக்கு உடனே சாகிற ரகம்தான், உன் புருஷனுக்கும் உனக்கும் ஒன்றேதான் என்று விளக்கினேன். குழந்தையைத் தோளில் மாற்றிப் போட்டுக்கொண்டாள். பிறகு கேட்டாள்: "அப்ப அத்தினி மாசம் நான் பயந்து செத்ததுக்குப் பூச்சி மேல ஒரு தப்பும் இல்லியாக்கா?"

மூன்று வருடத்தில் சொன்ன முதல் தடவையிலேயே மாத்திரைக்கு மரியாதை கொடுத்து அடங்கியது யார் என்று பார்த்தால், ஆராய்ச்சிக்காரர்கள் முரடு முரடு என்று துரத்திக்கொண்டிருக்கிற அந்தப் பூச்சி ஒன்றுதான்.